ஒரு குன்றிமணி குறைந்த படம்

செம்பாறைக் காட்டில் ஒரு கோடை. வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. நண்டுகள் தங்கள் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தன. நம்பாவிட்டால் நண்டையே கேட்டுப் பாருங்கள்!

குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மடு. அதற்குப் போக மூன்று வழிகள்: நாணல் வழி, மூங்கில் வழி, பாறை வழி. ஏதோ ஒன்றில் சிறுத்தை பதுங்கியிருக்கும். எதில் என்று தெரியாமல், மான்கள் நாக்கு வறண்டு நடுங்கிக் கிடந்தன.

அந்தக் காட்டில் கோடைதோறும் கணக்குப்பட மாநாடு கூடும். கண்டதை எண்ண வேண்டும். எண்ணியதைப் பார்த்தவுடன் புரியும்படி களிமண் பலகையில் படமாக்கி அனுப்ப வேண்டும். அடர்ந்த ஈச்சம் புதருக்குள், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி, மூன்று மதிப்பாய்வாளர்கள் இருப்பார்கள். படம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் யார் என்று வெளியே யாருக்கும் தெரியாது. விஷயம் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் புதருக்குள் போய் உட்காரலாம். புதர்மேல் இருக்கும் மைனா, உள்ளே கேட்டதைக் கேட்டபடியே ஒப்பிக்கும். தேறிய படத்தை யானைப்பாறையில் சாத்தி வைப்பார்கள். காடே அதை நம்பி நடக்கும்.

சூரப்பன் என்ற முள்ளம்பன்றி ஒவ்வொரு கோடையும் படம் அனுப்புவான். ஒவ்வொரு கோடையும் அது திரும்பி வரும்.

இந்த முறை அவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். கண்ணாத்தாள் என்ற ஆள்காட்டிக் குருவி. பாறை வழியோரம் தரையில் முட்டையிட்டு அடைகாப்பவள். மூன்று வழிகளிலும் சிறுத்தையின் காலடித் தடங்களை எண்ணிச் சொன்னது அவள்தான். சூரப்பன் தன் முள்ளால் வழிகளைப் பலகையில் கீறினான். ஒரு தடத்துக்கு ஒரு குன்றிமணி என்று பதித்தான். நாணல் வழி சிவந்தது. மூங்கில் வழி இன்னும் சிவந்தது. பாறை வழியில் ஒரே ஒரு மணி.

படம் போனது. சாயங்காலம் மைனா வந்தது.

"முதலாமவர் சொன்னது: 'நல்ல படம். கோடுதான் கொஞ்சம் தடிமன்.' இரண்டாமவர் சொன்னது: 'போன கோடையில் நான் போட்ட படத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லையே!'"

பிறகு மைனாவின் குரல் கரகரத்தது.

"மூன்றாமவர் சொன்னது: 'ரக்... ரக்... பாறை வழியில் அந்த ஒற்றை மணி எதற்கு? கண்ணை உறுத்துகிறது. அதை எடுத்தால் ஏற்கிறேன். எடுக்காவிட்டால் திருப்பி அனுப்புகிறேன். ரக்... ரக்...'"

"நடுவில் அது என்ன, ரம்பம் இழுக்கிற மாதிரி?" என்றாள் கண்ணாத்தாள்.

"இருமலோ என்னவோ! கேட்டதைத்தான் சொல்கிறேன். சூரியன் மலையில் இறங்குவதற்குள் திருத்திக் கொடுங்கள்!"

சூரப்பனுக்கு அந்தச் சத்தம் எங்கோ கேட்டது போல இருந்தது. ஆனால் 'ஏற்கிறேன்' என்ற சொல் அவன் காதை அடைத்துவிட்டது.

"ஒரு மணிதானே கண்ணாத்தா? எடுத்துவிடலாம். படமும் பளிச்சென்று இருக்கும்!"

"அண்ணே, பாறையில் தடம் பதியாது! நடுவில் ஒரு சாண் ஈரமண். அதில்தான் பதியும். அங்கே ஒன்று தெரிந்தால், தெரியாதது எத்தனையோ!"

"அதை எல்லாம் படத்தில் எப்படிக் காட்டுவது?"

"காட்டத் தெரியாவிட்டால் இருப்பதையாவது விட்டுவை! என் முட்டை குளிர்ந்துவிடும், நான் போகிறேன். மணியைத் தொடாதே அண்ணே!"

அவள் பறந்தாள். சூரியன் மலையைத் தொட்டது. இந்த வருஷமும் திரும்பி வந்தால்? நரிகள் சிரிக்குமே! எலிகூடச் சிரிக்குமே!

குன்றிமணியைப் பிடுங்கி வாய்க்குள் அடக்கிக்கொண்டான். அது இருந்த குழியை ஈரக் காலால் தடவி மூடினான். பாறை வழி துடைத்துவிட்டது போல வெளுத்தது.

மறுநாள் காலை, படம் யானைப்பாறையில் இருந்தது! மான் கூட்டத் தலைவர் கொம்பையா அதைப் பார்த்தார்.

"பாறை வழியில் ஒன்றுமே இல்லை! வாங்கடா பிள்ளைகளா, தண்ணீர் குடிக்கலாம்! சூரப்பா, எங்கள் வயிற்றில் பாலை வார்த்தாய்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசேன்!"

சூரப்பன் வாயைத் திறக்கவில்லை. நேற்று அடக்கிய மணி இன்னும் உள்ளே இருந்தது. மான்கள் குட்டிகளோடு துள்ளிக்கொண்டு போயின.

மைனாக்களுக்கு ஒரு குணம். பிடித்த சத்தத்தைச் சும்மா சொல்லிப் பார்க்கும். யானைப்பாறை மேல் உட்கார்ந்து அந்த மைனா சொன்னது: "ரக்... ரக்..."

சூரப்பனின் முட்கள் சிலிர்த்து எழுந்தன. இந்தச் சத்தம்! சின்ன வயதில், சிறுத்தை தன் வளை வாசலில் வந்து நின்று மூச்சுவிட்ட சத்தம்! அம்மா அவனை உள்ளே இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்ட அன்று கேட்ட சத்தம்!

சிறுத்தையின் தடங்களைப் பற்றிச் சிறுத்தையைவிட விஷயம் தெரிந்தவர் யார்?

சூரப்பன் ஓடினான். அவன் கால்கள் குட்டை. வழி நீளம். நல்லவேளை, மான்கள் குட்டிகளுக்காக நின்று நின்று போயின.

பாறை வழியில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாத்தாள் முட்டைகள் மேல் ஒட்டிக் கிடந்தாள். அவளுக்கு நேர் மேலே, பாறை விளிம்பில், ஒரு வால் நுனி மெல்ல ஆடியது. கத்தினால் அது தன்மேல் குதிக்கும். கத்தாவிட்டால் மான்குட்டிகள்! அவள் அலகைத் திறந்தாள்; மூடினாள்.

முதல் குட்டி ஈரமண்ணில் கால் வைத்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த சூரப்பன் மணியைத் துப்பினான். "திரும்புங்கள்! படம் பொய்! நான் ஒரு மணியை எடுத்துவிட்டேன்!"

"டிட்டி டுட்! டிட்டி டுட்!" கண்ணாத்தாள் வானத்துக்கு எழும்பி அலறினாள். சிறுத்தை பாய்ந்தது. மான்கள் சிதறின. சூரப்பன் பின்பக்கமாகத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் மோதினான். உள்ளங்காலில் முள் ஏறியதும், "ரக்!" என்று உறுமி, சிறுத்தை நொண்டிக்கொண்டு மறைந்தது.

மான்கள் பிழைத்தன. ஆனால் சிறுத்தை குதித்த இடத்தில் கண்ணாத்தாளின் முட்டைகள் இருந்தன.

அவள் உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக அலகால் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு மணிதானே என்றாயே அண்ணே," என்றாள்.

சூரப்பன் மண்ணில் தேடி அந்தக் குன்றிமணியை எடுத்தான். எல்லோரும் பார்க்க யானைப்பாறைக்கு நடந்தான். அது இருந்த இடத்திலேயே அதைத் திரும்பப் பதித்தான். நரி சிரித்தது. எலியும் சிரித்தது. அவன் தலை குனிந்தபடி பாறை வழியோரம் போய், அவள் அடுத்த முட்டைகள் பொரியும் வரை அங்கேயே காவல் கிடந்தான்.

தன் படம் தேற வேண்டுமென்று கண்ட உண்மையில் ஒரு புள்ளியை அழிப்பவர், ஆபத்து பதுங்கியிருக்கும் இடத்தையே பிறருக்கு வழியாகக் காட்டுகிறார்.