தாய்வீடு நடந்து வந்த கதை

அந்தக் காலத்தில் யானைகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் சம்பந்தி வீட்டு வம்பு இல்லாமலா போகும்? நம் ஊரில் நடக்கிற மாதிரியேதான் அங்கேயும். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் காட்டுக்குப் போய்விட வேண்டும். பையன் மட்டும் கிழவனானாலும் அம்மா காலடியிலேயே இருப்பான்.

மேற்கு மலைக் காட்டில் காத்தாயி என்று ஒரு யானை இருந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை, மலையன். தந்தம் தரையைத் தொடுகிற வயசிலும் அவனுக்கு மூங்கிலைப் பிளந்து ஊட்டிவிட்டது அவள்தான். அந்தச் செல்லப்பிள்ளைக்கு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கொன்றை என்ற பெண்ணை எடுத்தாள். கொன்றை தங்கமான பெண். மாமியார் குடித்து முடித்த பிறகுதான் ஓடையில் துதிக்கையை வைப்பாள்.

கொன்றை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் அம்மா தேக்கம்மா ஆற்றைக் கடந்து வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று முறையாகக் கேட்டாள். காத்தாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அங்கே பிறக்கிற கன்று அவர்கள் வாசனையில்தானே வளரும்? நாளைக்கு நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அக்கரையைக் காட்டுமே? என் வம்சம் என் காட்டில்தான் பிறக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

தேக்கம்மா சண்டை போடவில்லை. காதை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரி சம்பந்தி. பொண்ணு தாய்வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதானே? தாய்வீடு இங்கே வரலாமில்லையா?"

காத்தாயி யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டாள். வந்தால் தேக்கம்மா வருவாள், துணைக்கு ஒரு தங்கை வருவாள் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

மறுநாள் ஆறே கலங்கிப்போனது. பெரியம்மா, சித்தி, அக்கா, அக்கா மகள், பாட்டியின் தங்கை என்று அந்தக் குடும்பத்துப் பெண்கள் மொத்தப் பேரும் கரையேறினார்கள். யானைப் பிரசவம் என்ன, நாளைக்கே ஆகிவிடுகிற காரியமா? கோடை போய் மழை வந்து மறுபடியும் கோடை வந்தது. காத்தாயி பொத்திப் பொத்திக் காப்பாற்றிய மூங்கில் புதர்கள் மொட்டையாகிவிட்டன. அதற்காகச் சம்பந்தியைப் போகச் சொல்ல வாய் வருமா? "உங்க காட்டுல நல்ல மழையாமே" என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "ஆமா சம்பந்தி, சேறு தாங்கல, இங்கதான் சௌகரியம்" என்று தேக்கம்மா இன்னொரு கிளையை ஒடித்தாள்.

இனி காடு தாங்காது, ஒரு கூட்டம் கிளம்பியே ஆக வேண்டும். பிரசவம் ஆகட்டும், அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுவோம் என்று காத்தாயி மனசுக்குள் முடிவு கட்டினாள்.

கொன்றைக்கு ஒரு சாயங்காலம் வலி எடுத்தது. மலையனும் சித்தப்பன்மாரும் வழக்கம்போல மலை உச்சிக்குப் பலாப்பழம் தின்னப் போயிருந்தார்கள். ஓடைக்கரைப் புதரில் ஒரு புலி மோப்பம் பிடித்து வந்து பதுங்கியது. அதைப் பார்த்த தேக்கம்மா ஒரு சத்தம் கொடுத்தாள். அத்தனை பெண்களும் கொன்றையை நடுவில் விட்டு, முகத்தை வெளியே திருப்பி, வளைத்து நின்றுவிட்டார்கள். புலி சுற்றிச் சுற்றி வந்தது. நுழைய ஒரு சந்து கிடைக்கவில்லை.

காத்தாயி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எங்கிருந்தோ கட்டிக்கொண்டு வந்தவள்தானே. மலையனைப் பெற்ற அன்று பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை. நரி ஊளையிட்டதற்கே கன்றை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு விடியவிடிய நின்றது இப்போது ஞாபகம் வந்தது. "கொஞ்சம் தள்ளுங்க சம்பந்தி" என்று தேக்கம்மாவை இடித்துக்கொண்டு வட்டத்தில் புகுந்து தானும் நின்றாள். புலி சலித்துப்போய் நடையைக் கட்டியது. பெண் கன்று பிறந்தது.

விடிந்த பிறகு ஆண்கள் பலாச்சுளை வாசனையோடு வந்து சேர்ந்தார்கள். மகளைப் பார்த்துப் பூரித்துப்போன மலையன், அம்மாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், இந்தக் கூட்டத்தை எப்போது அனுப்பப் போகிறாய் என்று கேட்டான். தேக்கம்மாவும் ஒன்றும் தெரியாதவள் இல்லை. வந்த வேலை முடிந்தது, கிளம்புவோம் என்று தன் பெண்களைத் திரட்ட ஆரம்பித்துவிட்டாள். கொன்றை கன்றை அணைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்தாயி பிள்ளையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். ஒரே பிள்ளைதான்; ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"யாராவது கிளம்பித்தான் ஆகணும் மலையா. உனக்குத் தந்தம் இருக்கு, பலாமரம் எங்க இருக்குன்னும் தெரியும். நீ கிளம்பு."

"நான் எதுக்கும்மா போகணும்? இது என் அம்மா வீடு."

"இப்போ கொன்றைக்கும் இதுதான்டா அம்மா வீடு. ஆசையா இருந்தா விருந்தாளியா வந்துட்டுப் போ."

மலையன் முறைத்துக்கொண்டே போனான். சித்தப்பன்மாரும் அவன் பின்னால் நடந்தார்கள்.

அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான். வளர்ந்த ஆண்யானை இன்றும் அம்மாவை விட்டு ஒற்றையாகக் கிளம்பிவிடுகிறது. பெண்கள் மட்டும் பிரியாமல் ஒன்றாகவே திரிகிறார்கள். ஒருத்திக்கு வலி எடுத்தால் மற்றவர்கள் வளைத்து நின்றுகொள்கிறார்கள். அந்த வட்டத்தில் யார் அம்மா, யார் மாமியார் என்று இதுவரை எந்தப் புலியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.