ஜுலைகாவின் காது

ஜெசிந்தாவின் பட்டறைக்கு ஒலிக்கருவி செய்யப் பழக வந்தபோது தணிகாசலம் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்லூரியில் மின்னணுவியல் பாடம் நடத்திவிட்டு வந்தவர். குருவான ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். சீடரை அவர் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசிக்கும் சிறு பெட்டி ஒன்றை அந்தப் பட்டறையில் செய்துகொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் குரல் வெறும் எண்களாக இருக்கும். எண்களை ஒலியாக மாற்றும்போது, உண்மைக் குரலோடு கீச்சென்று ஒரு போலி ஒலியும் சேர்ந்தே பிறக்கும். அதை நீக்க ஒரு வடிகட்டி வேண்டும்.

"நீங்களே தேர்ந்தெடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா ஒரு வாரம் வெளியூர் போனார்.

இருப்பதிலேயே கறாரான வடிகட்டியைத் தணிகாசலம் தேர்ந்தெடுத்தார். கத்தி வைத்து நறுக்கியதுபோலப் போலி ஒலி நின்றது. அளவுக்கருவியின் திரையில் கோடு செங்குத்தாக இறங்கியதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

பெட்டியைக் கேட்டுச் சொல்ல ஜுலைகா வந்தார். வக்கீல். பிறவியிலேயே பார்வை இல்லை. வழக்குக் கட்டுகளையெல்லாம் காதால் படிப்பவர்.

"சார், 'ட', 'ச' வர்ற இடத்துல பின்னாடி ஏதோ சிணுங்குதுங்க."

"இருக்காதும்மா. எல்லாம் அளந்து பார்த்தாச்சு. கோளாறு உங்க காதுலதான்" என்று சிரித்தார் தணிகாசலம். பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஜுலைகா சிரிக்கவில்லை. "இருக்கலாம் சார்" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெசிந்தா ஊரிலிருந்து வந்ததும் தணிகாசலம் திரையைக் காட்டினார்.

"கேட்டவங்க எல்லாருக்கும் திருப்தி மேடம்."

"ஜுலைகாவுக்கு?"

"அவங்களுக்கு மட்டும் ஏதோ சிணுங்குதாம். விடுங்க. இதைவிடச் சிறந்த வடிகட்டி உண்டா, சொல்லுங்க."

ஜெசிந்தா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரே ஒரு 'டக்' ஒலியைப் பெட்டிக்குள் அனுப்பினார். திரையில் ஒரு கூர்முனை எழுந்து விழுந்தது. விழுந்த பிறகும் அடங்கவில்லை. சின்னச் சின்ன நடுக்கங்களாக இழுத்துக்கொண்டே போனது.

"நான் எத்தனை தட்டு அனுப்பினேன் சார்?"

"ஒண்ணு."

"மிச்சமெல்லாம் யாரோடது?"

தணிகாசலத்துக்குக் காது மடல் சுட்டது. கறாராக வெட்டும் வடிகட்டி இப்படித்தான் அதிரும் என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர்.

மெதுவாகச் சரியும் வடிகட்டி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். சிணுங்கல் போனது, கீச்சொலி திரும்பி வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினார். கடைசியில், எண்களுக்கு இடையே இன்னும் எண்களை நிரப்பி அனுப்பியதும் போலி ஒலி காதுக்கு எட்டாத உயரத்துக்கு விலகிப் போனது. அதன் பிறகு அந்த மெதுவான வடிகட்டியே போதுமானதாக இருந்தது.

ஜுலைகாவை மறுபடி வரச் சொன்னார். வடிகட்டியை மாற்றியதைப் பற்றி எதுவும் சொல்லாமல் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

ஜுலைகா ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். இன்னொரு பக்கமும் கேட்டார். முகம் மலர்ந்தது.

"சிணுங்கலே இல்லைங்க சார்! அன்னைக்கு நீங்க சொன்னதும் பயந்தே போயிட்டேன். கண்ணும் இல்லை, காதும் போச்சுன்னா அப்புறம் எனக்கு என்ன இருக்கு? அம்மாகிட்டகூடச் சொல்லலை. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாரு. நான்தான் விடாம கெஞ்சி சொட்டு மருந்து வாங்கினேன். மருந்து கேட்டுருச்சு சார். விடாம போடணும்."

வடிகட்டியை மாற்றியதைச் சொல்லத் தணிகாசலம் வாயெடுத்தார். அன்று சிரித்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஜன்னலோரம் வேலையாக இருந்த ஜெசிந்தா நிமிரவில்லை.

"சந்தோஷம்மா" என்றார் தணிகாசலம்.

ஜுலைகா அவருக்கு இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுத் மடக்குத் தடியை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.

தடி தட்டும் சத்தம் தேயும்வரை தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வடிகட்டிகள் பொருத்திய மின்சுற்றுப் பலகைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் மேசைக்குப் போனார். குருவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகைகளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், இந்த மெதுவானதையே வச்சுக்கலாமா? இல்லை, இன்னும் கொஞ்சம் கறாரா ஒண்ணு பார்க்கட்டுமா? எதைத் தேர்ந்தெடுக்கிறது?"

ஜெசிந்தா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"ஜுலைகா ஸ்டாப்புலதான் நிக்கிறாங்க சார். பஸ் இன்னும் வரலை."