கோணவாலன் மேட்டு வளை தோண்டிய கதை

ஏரிக்குக் கீழே ஒரு வயல். அந்த வயல் வரப்பில் கோணவாலன் என்றோர் எலி, பெண்டாட்டியும் ஏழு குட்டிகளுமாகக் குடியிருந்தான். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும், அப்படிப்பட்ட பேர்வழி.

ஐப்பசி பிறந்தால் போதும், ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்தத் தொடங்கிவிடும். ஏரி உடையும், களத்துமேட்டில் வளை தோண்டிக்கொள்ளுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தும். போன வருஷமும் இதையேதானே கத்தினாய் என்று சொல்லிவிட்டு அவன் நெல் கொறிக்கப் போய்விடுவான். பெண்டாட்டி சொன்னால், நாளைக்கு ஆகட்டும் என்பான். பயமே இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தைவிடச் சோம்பல் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் பக்கத்து வேலியிலிருந்து முள்ளெலி வந்தாள். அவள் புருஷனைப் பருந்து கொண்டுபோய்விட்டது. மூன்று குட்டிகள், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"அண்ணே, எனக்கு மேட்டுல தோண்டத் தெம்பில்லை. வெள்ளம் வந்தா உங்க மேட்டு வளையில என் பிள்ளைகளுக்கு ஓர் ஓரம் குடுப்பீங்களா? உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அவனுக்கு மேட்டு வளையாவது, மண்ணாங்கட்டியாவது! ஆனால் இல்லையென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தாராளமாக வா தங்கச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அவள் போனபின் நெல் தொண்டையில் இறங்கவில்லை. அந்த மூன்று குட்டிகளும் கண்ணிலேயே நின்றன. அன்று பிற்பகலே களத்துமேட்டுக்கு ஓடினான். மேடெல்லாம் கப்பிக்கல். நகம் தேயத் தேய ஐந்து நாள் தோண்டினான். மற்ற எலிகள் முதலில் சிரித்தன. பிறகு, கோணவாலனே தோண்டுகிறான், நமக்கென்ன கேடு என்று அவையும் இறங்கின.

ஆறாம் நாள் காலையில் ஏரி உடைந்தது. வரப்பு, வேலி எல்லாம் முழுகிப்போயின. மேட்டு வளையில் பத்துக் குட்டிகளும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு தூங்கின. முள் குத்துகிறதென்று ஒன்றுகூட அழவில்லை.

முள்ளெலி கண்ணீரோடு கும்பிட்டாள். இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்றாள்.

கோணவாலன் தன் ஏழு பிள்ளைகளையும் பார்த்தான்.

"நான்தான் உனக்கு நன்றி சொல்லணும் தங்கச்சி. அன்னிக்கு நீ கேட்டப்போ, இங்கே எனக்கு ஒரு குழிகூடக் கிடையாது. நீ நம்பி வந்து கேட்டதாலதான் என் பிள்ளைகள் உயிரோட இருக்கு."

நூறு முறை பயமுறுத்தினாலும் அசையாதவன், தன்னை ஒருவர் நம்பியிருக்கிறார் என்று தெரிந்தால் எழுந்து வேலை செய்வான்.