பேரி போட்ட அறுபது முடிச்சு

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேசத் தெரியும், காத்திருக்கத்தான் தெரியாது.

மலைச்சரிவில் ஒரு பேரிக்காய் மரம் இருந்தாள். பெயர் பேரி. பெயர் வைப்பதில் அந்தக் காலத்தவர்கள் மூளையைக் கசக்கிக்கொள்வதில்லை. இரண்டு வருடமாக அவள் காய்க்கவில்லை. தை பிறந்ததும் வெயில் மூன்று நாள் வந்து பல்லைக் காட்டும். குளிர் போய்விட்டதென்று நம்பிப் பேரி பூப்பாள். நான்காம் நாள் பனி வந்து அத்தனை பூவையும் கருக்கிவிடும். மலையின் சட்டமோ கறாரானது: மூன்று வருடம் காய்க்காத மரம் அடுப்புக்கு.

விறகுவெட்டி நஞ்சன் மரியாதை தெரிந்தவன். ஐப்பசியிலேயே வந்து சொல்லிவிட்டான்.

"தப்பா நினைக்காதீங்க பேரியம்மா, கோடரியைச் சாணை பிடிச்சு வச்சிருக்கேன்."

"பிடிச்சதுதான் பிடிச்சே, பங்குனி வரைக்கும் பொறு நஞ்சா."

ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் ஒரு சின்ன ஓலைச்சுவடி உண்டு. எப்படிப் பூப்பது என்று அதில் எழுதியிருக்கும். எழுதியவன் பிரம்மன், ஓர் எழுத்தைக்கூட அழிக்க எந்த மரத்துக்கும் உரிமை இல்லை. பேரி யோசித்தாள். எழுத்தைத் தொடக்கூடாது, சரி. சுவடியைக் கட்டி வைக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? தன் பட்டையிலேயே நார் உரித்து, இலையெல்லாம் உதிர்ந்த கையோடு, ஒவ்வொரு சுவடியையும் சுற்றி அறுபது முடிச்சுப் போட்டாள்.

ஆனால் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறவளால் தன் கட்டைத் தானே அவிழ்க்க முடியாதே!

"நான் அவிழ்க்கிறேன் கண்ணு" என்றார் வெயில் மாமா.

பேரியோ அந்த வேலைக்குப் பனி அத்தையைக் கூப்பிட்டாள். முறைக்குத்தான் மாமாவும் அத்தையும். இருவரும் ஒரு வீட்டில் சேர்ந்து இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"உன் பூவைக் கருக்கினவள் நான். சாவியை என் கையிலா கொடுக்கிறாய்?" என்றாள் பனி.

"மாமா வந்தால் எப்போது போவார் என்று தெரியாது. நீங்கள் வேலையை முடிக்காமல் போகமாட்டீர்கள் அத்தை."

பனியை யாரும் இதுவரை பாராட்டியதில்லை. கொஞ்சம் உருகினாள், உடனே சமாளித்துக்கொண்டாள். "நாளுக்கு ஒரு முடிச்சு. நான் வராத நாள் கணக்கில் சேராது."

பேரி தூங்கினாள். தை பிறந்தபோது நாற்பது முடிச்சு அவிழ்ந்திருந்தது. அப்போது மாமா வந்தார். பக்கத்து மரங்களான பிளம்ஸும் பீச்சும் சரசரவென்று பூத்தார்கள்.

"என்னக்கா, இப்பவே விறகாகிப் பழகுறீங்களா?" என்று கேட்டாள் பிளம்ஸ்.

தூக்கத்திலும் பேரிக்குக் காது கேட்டது. வெயில் மொட்டுக்களைத் தடவித் தடவிப் பார்த்தது. உள்ளே சாறு துடித்தது. 'இப்போது பூக்காவிட்டால் இனி எப்போது?' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மிச்சம் இருபது முடிச்சு. இறுகத்தான் கட்டியிருந்தாள்.

நஞ்சன் வந்து பட்டையைத் தட்டிப் பார்த்தான். "ஊரே பூத்து நிக்குது, நீங்க மொட்டையா நிக்கிறீங்களே!"

"பங்குனின்னு சொன்னேனா இல்லையா?" என்று பேரி அரைத்தூக்கத்தில் முனகினாள். நஞ்சன் கோடரியைக் கீழே வைத்தான்.

நான்காம் நாள் விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. பிளம்ஸின் பூவும் பீச்சின் பூவும் கருகித் தொங்கின. பேரியிடம் கருக்குவதற்கு ஒன்றுமே இல்லை. பனி அத்தை நின்று, நாற்பத்தோராம் முடிச்சில் விரலை வைத்தாள்.

மாசியில் கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. "இனி உன் மாமா பாடு" என்று சொல்லிவிட்டு அத்தை மலையேறினாள். வெயில் வந்து தொட்டதும் ஆயிரம் சுவடிகள் ஒரே சமயத்தில் விரிந்தன. உச்சி முதல் தாழ்கிளை வரை வெள்ளை வெளேரென்று பூ! தேனீக்களுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பங்குனியில் நஞ்சன் வந்தபோது பூ இருந்த இடத்திலெல்லாம் பிஞ்சு. ஆடிக்குள் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறியப் பார்த்தது. அவன் கோடரியின் காம்பைக் கழற்றி அந்தக் கிளைக்கு முட்டுக் கொடுத்தான்.

"அக்கா, அந்த முடிச்சு எப்படிப் போடுறது?" என்று கேட்டாள் பிளம்ஸ். அவசரக்காரி, கற்றுக்கொண்டும் முப்பது முடிச்சோடு நிறுத்திவிட்டாள்.

அன்று முதல்தான் குளிர்மலைப் பழமரங்கள் இலை உதிர்ந்ததும் முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்குகின்றன. பனி தன் கையால் அத்தனையையும் அவிழ்த்த பிறகே பூக்கின்றன. பனி விழாத கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் நட்ட பேரி மரமோ, தழைத்து நின்றாலும் பூக்காமல், வராத அத்தையை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.