மூன்றாவது அடி

தாரு தன் சிநேகிதன் சான்ராவின் விரல்களை உடைத்துவிட்டான். கெட்டது அதுதான். மீதியைக் கேளுங்கள், நடுவில் பேசாதீர்கள்.

கடலுக்கு நடுவே ரியூக்யூ என்ற தீவுகளை ஒரு ராஜா ஆண்ட காலம் அது. தாருவின் ஊரில் அறுவடைத் திருவிழா என்றால் ஜோடி ஜோடியாகக் கம்பு வீசுவார்கள். முதல் அடி காலுக்கு, இரண்டாவது விலாவுக்கு, மூன்றாவது தலைக்கு. பாட்டன் காலத்து வரிசை, மாறாது. ஊரில் பெண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தந்த இடத்தில் எதிராளியின் கம்பு வந்து தடுக்கும். அந்தத் தைரியத்தில்தான் முழுப் பலத்தோடு அடிப்பார்கள்.

அந்த வருஷம் அரண்மனை அதிகாரி பார்க்க வந்திருந்தார். தாருவுக்குக் கை துறுதுறுத்தது. மூன்றாவது அடியைத் தலைக்கு ஓங்கி, ஜோடியாக நின்ற சான்ராவின் விரலில் இறக்கினான்.

அதிகாரி சொக்கிப்போனார். "பௌர்ணமிக்கு ஒரு ஜோடியோடு வா. ராஜா முன்னால் ஆடிக் காட்டு. காவல் வேலை உனக்குத்தான்."

ஜோடிக்கு எங்கே போவான்?

தச்சனைக் கேட்டான். "எனக்கு இருக்கிறது இந்த ரெண்டு கைதானப்பா!"

தம்பியைக் கேட்டான். "அம்மா பெத்த ரெண்டில் ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்ண்ணே."

ஊர்க் குடிகாரனைக் கேட்டான். "குடிச்சிருக்கேன். அவ்வளவு குடிக்கலை."

கடைசியில் சான்ரா வீட்டுக்கே போனான். வெட்கம் கெட்டவன். துடுப்புப் பிடிக்க ஆளில்லாமல் சான்ராவின் படகு கரையில் காய்ந்தது. சான்ரா கைக்கட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் மனைவி உஷி தண்ணீர் வாளிகளை இறக்கிவைத்தாள். அவற்றைச் சுமந்த கம்பை மட்டும் கையில் எடுத்தாள்.

"ஜோடி வேணுமாமே, அண்ணே? நான் நிக்கிறேன். அடி."

"விளையாடாதே, தங்கச்சி."

"அடி!" கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

காலுக்கு வீசினான். அவள் கம்பு அங்கே இருந்தது. விலாவுக்கு வீசினான். அங்கேயும் இருந்தது. மூன்றாவதுக்கு ஓங்கினான். அவள் கம்பு தலைக்கு மேலே ஏறி நின்றது. பத்து விரலும் அவன் கண்முன்னே.

சான்ராவும் அன்றைக்கு இப்படித்தான் நின்றான்.

தாரு வரிசைப்படி தலைக்கே அடித்தான். கம்பும் கம்பும் மோதிய சத்தத்தில் சான்ரா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அரண்மனைக்கு எப்போ கிளம்பணும்?" என்றாள் உஷி.

"போகலை, தங்கச்சி. துடுப்பு எங்கே?"

"இத்தனை நாள் கழிச்சுக் கேக்கறியே!"

சான்ராவின் விரல்கள் கூடும்வரை அந்தப் படகைத் தாருதான் ஓட்டினான்.

எதிரே நிற்பவன் நம்மை நம்பித்தான் நிற்கிறான், அந்த நம்பிக்கையை உடைத்து வாங்குவது வெற்றியே இல்லை. இதைக் கண்ணை மூடிக்கொண்டு தாருவுக்குப் புரியவைத்தவள் உஷி.