பேரிப்பழம் பெயரை விட்ட கதை

அந்தக் காலத்தில் பழங்களுக்கும் நெருப்புக்கும் வாய் இருந்தது. நம்மைப் போலவே அவையும் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன.

மலைமேல் ஒரு வீட்டில் செம்பான், வெள்ளச்சி என்று புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். வெள்ளச்சிக்கு மூன்றாம் மாதம், பொல்லாத மசக்கை. கஞ்சி குடித்தால் வாந்தி, எண்ணெய் வாசம் பட்டால் வாந்தி. அவள் வயிற்றில் தங்கியது வாசல் மரத்துப் பேரிப்பழம் மட்டும்தான். ஆமாம், அப்போது அதற்குப் பேரிப்பழம் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மழைக்காலம் வந்துவிட்டது. மிச்சம் ஒரு கூடைப் பழம்தான், நாலு நாளில் அழுகிவிடும். அதன்பிறகு அவள் எதைத் தின்பாள்? செம்பான் பயந்துபோனான்.

"காயவைக்க வெயில் இல்ல. எண்ணெயில பொரிச்சா உனக்கு ஆகாது. நான் என்ன புள்ள செய்வேன்?"

"அடுப்புல வச்சுப் பாரு மாமா," என்றாள் வெள்ளச்சி, சுவரில் சாய்ந்தபடி.

கதவு வைத்த மண் அடுப்பு அவர்களுடையது. பாதிப் பழங்களை நறுக்கி உள்ளே வைத்தான்.

"யார் நீ?" என்று கேட்டது நெருப்பு.

"பேரிப்பழம்!" என்றது பழம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"பழமா? குழைத்துவிட வேண்டியதுதான்!" என்று நெருப்பு திகுதிகுவென எரிந்து எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டது. கூழைப் பார்த்ததுமே வெள்ளச்சி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

செம்பான் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கூடையிலிருந்து ஒரு பழம் மெதுவாகச் சொன்னது: "இன்னும் மெல்லிசா நறுக்குப்பா. ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பு. இந்தத் தடவ நாங்க வாயத் திறக்கல."

விதை நீக்கி, மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பரப்பினான். அடுப்பருகே குந்திக்கொண்டு வில்லைகளிடம் கெஞ்சினான்: "காய்! காய் சாமி, காய்!"

உலர்ந்துபோ என்றுதான் சொன்னான். நெருப்பின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"ஓ, முன்னே வந்தது பேரிப்பழம், இது பேரிக்காயா? காய்க்கு என்ன அவசரம்!" என்று நெருப்பு கனலாகத் தணிந்து உட்கார்ந்தது.

'நான் பழமாக்கும்' என்ற வார்த்தை வில்லைகளுக்குத் தொண்டைவரை வந்தது. வாசலில் சுருண்டு கிடந்தவளைப் பார்த்தன. விழுங்கிக்கொண்டன.

நெடுநேரம் கழித்து செம்பான் வெளியே எடுத்தான். வில்லைகள் துணிபோலத் துவண்டன.

"கெட்டுப்போச்சு புள்ள," என்று அழுதேவிட்டான்.

"முறத்துல கொட்டி இங்க வை, பாப்போம்," என்றாள் வெள்ளச்சி.

காற்று பட்டது. சூடு முழுக்க இறங்கியது. இனி நெருப்புக்குக் கேட்காது என்று தெரிந்ததும், அவள் வாயில் போட்ட வில்லை வாயைத் திறந்தது. மொறுக்!

இன்னொன்று தின்றாள். இன்னும் ஒன்று. செம்பான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"தங்கிருச்சு மாமா," என்று சிரித்தாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிச்சத்தைப் பானையில் போட்டு இறுக்க மூடும்போது முதல் தூறல் விழுந்தது. பெய்தால் பெய்துகொள்ளட்டும் என்று நிம்மதியாக உட்கார்ந்தான்.

அன்று முதல்தான், எவ்வளவு கனிந்தாலும் அதற்குப் பேரிக்காய் என்றே பெயர். அடுப்பிலிருந்து எடுத்த வில்லையும் சூடு ஆறும்வரை வாயைத் திறப்பதில்லை.