செங்கல் மசக்கை

கழிமுகப்பட்டினத்து ராஜா சேதுரங்கருக்கு அன்று தலைகால் புரியவில்லை. பின்னே? கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மகள் அலங்காரவல்லி முழுகாமல் இருக்கிறாள்! அந்தச் சந்தோஷத்தில் சபையில் எழுந்து நின்று ஓர் ஆணை போட்டுவிட்டார்.

"இந்த நாட்டில் எந்தப் பிள்ளைத்தாச்சி எதற்கு ஆசைப்பட்டாலும் அரண்மனைச் செலவில் கொடுத்தாக வேண்டும். மசக்கைக்காரி கேட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும். என் நாட்டில் ஒரு காதும் வடியக் கூடாது!"

சபையே கை தட்டியது. வாய்த்துடுக்குக்குப் பேர்போன கலியன் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அவன் நினைப்பெல்லாம் தங்கை பூமயில் மேல். அவள் வாக்கப்பட்டது காயலுக்கு அக்கரையில், உப்பளச்சேரியில். அரண்மனைத் தெருவில் மூன்று பிரசவ விடுதிகள் இருந்தன. அக்கரையில் ஒன்றுகூடக் கிடையாது. வலி கண்டால் படகேறித்தான் வர வேண்டும். பூமயிலின் தலைப்பிள்ளை நடுக்காயலில், படகிலேயே பிறந்து, படகிலேயே போய்விட்டது. இப்போது மறுபடியும் அவளுக்கு நாலு மாதம்.

பிரதானி அனந்தப்பரிடம் கலியன் எத்தனை முறை கேட்டுப் பார்த்தான்! அவர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"நிதி இல்லையப்பா. இக்கரையில் மூணு விடுதி இருக்கே, யார் வேண்டாம்னா? வரட்டுமே!"

மூன்றாவது விடுதிக்கு வெள்ளித் தொட்டில் செய்ய மட்டும் நிதி எங்கிருந்து வந்ததோ, அது அவருக்கே வெளிச்சம்.

மறுவாரம் கலியன் சபைக்கு வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, உப்பளச்சேரியில் நாற்பது பிள்ளைத்தாச்சிகள். அத்தனை பேருக்கும் மசக்கை. செங்கல் கேட்கிறார்கள்."

பிரதானி குபீரென்று சிரித்தார். "செங்கல்தானே! என் வீட்டுக்காரிகூட மசக்கையில் செங்கல் கடித்தவள்தான். கொடு, கொடு!"

"ஆளுக்கு ஐநூறு, ஐயா."

சிரிப்பு பாதியில் நின்றது. "ஐநூறா! அவ்வளவையும் எவள் தின்பாள்?"

"தின்கிற அளவுதான் கேட்கணும் என்று ஆணையில் இல்லையே ஐயா. நேற்று இளவரசி ஒரு வண்டி மாங்காய் கேட்டு, ஒன்றைக் கடித்துவிட்டு வைத்துவிட்டார்களாம். மிச்சத்தைத் திருப்பிக் கேட்டீர்களா?"

ராஜா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "கொடுத்துவிடும், பிரதானியாரே. காது வடியப் போகிறது."

அடுத்த வாரம் சுண்ணாம்பு மசக்கை, பத்து வண்டி. அதற்கடுத்து கூரை ஓட்டு மசக்கை. பிறகு தேக்கு மசக்கை. கடைசியாக ஒருத்தி மருத்துவச்சியே வேண்டும் என்றாள். அதுவும் சம்பளத்தோடு, நிரந்தரமாக!

பிரதானி குதித்தார். "அடப்பாவி! மருத்துவச்சியையும் கடித்துப் பார்க்கப் போகிறாளா? மகாராஜா, இவன் மசக்கையைச் சொல்லிச் சொல்லியே அக்கரையில் ஒரு பிரசவ விடுதி கட்டிவிட்டான்!"

ராஜாவின் கண் சிவந்தது. "என்னையே ஏய்த்தாயா கலியா?"

கலியன் கை கூப்பினான்.

"ஏய்க்கவில்லை மகாராஜா. உங்கள் ஆணையைச் சொல்லி, என்ன ஆசை என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். ஒருத்தியாவது மாங்காய் கேட்பாள் என்று பார்த்தேன். நாற்பது பேரும் சொன்னது ஒன்றுதான். 'பிள்ளையும் நானும் உயிரோடு வீடு திரும்பணும்.' அதை அப்படியே கேட்டால் நிதி இல்லை என்பார்கள். அதனால் செங்கல் செங்கலாகக் கேட்டேன்."

ராஜா பிரதானியைப் பார்த்தார்.

"மருத்துவச்சியை அனுப்பும். ஒருத்தி போதாது, இரண்டு பேர். கூடவே அந்த வெள்ளித் தொட்டிலும் போகட்டும்."

நாலு மாதம் கழித்து, கலியன் சபைக்குக் கற்கண்டுத் தட்டோடு வந்தான். பூமயிலுக்குப் பெண் குழந்தை. விடுதியில் பிறந்த முதல் குழந்தை.

"காது எப்படி இருக்கிறது?" என்று ஆவலாகக் கேட்டார் ராஜா.

"காது சுத்தம் மகாராஜா. தொண்டைதான் அடங்கமாட்டேன் என்கிறது. அழ ஆரம்பித்தால் காயலைத் தாண்டி நம் பிரதானியார் வீடு வரைக்கும் கேட்கிறதாம்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பாடா! அக்கரையில் அழுதது இன்றைக்காவது அவர் காதில் விழுந்ததே!"